காணாமல் போன 60 கிரெய்ன்

நவம்பர் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டைப் பருவம் வரும். ஒன்பதே நாள். அந்த நாட்களில் பல வீட்டுக் கொட்டகைகளில் உத்தரத்திலிருந்து மான் தொங்கும். தோலை உரிப்பவரின் கத்தி சில சமயம் எதிலோ ‘டக்’கென்று தட்டும். குண்டு நுழைந்த பக்கம் இல்லை. எதிர்ப்பக்கத்தில், தோலின் உட்புறத்தில் ஒட்டினாற்போல ஒரு சின்னப் புடைப்பு. கத்தி முனையால் நெம்பினால் காளான் போலக் குடை விரித்த ஓர் உலோகத் துண்டு கையில் வந்து விழும். விலாவையும் நுரையீரலையும் கடந்து வந்த குண்டை, ரப்பர் போல இழுபடும் அந்தக் கடைசித் தோல் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

அதைக் கழுவித் துடைத்து, வெடிமருந்து நிறுக்கும் சின்னத் தராசில் வைத்துப் பார்ப்பது அங்கே பல வேட்டைக்காரர்களுக்குப் பழக்கம். குண்டின் எடைக்கு அவர்களிடம் கிரெய்ன்தான் கணக்கு. நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்ததுபோல, ஒரு காலத்தில் வாற்கோதுமை மணியை வைத்து உண்டான அளவு அது. ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெய்ன். துப்பாக்கியில் போட்டபோது 150 கிரெய்ன் இருந்த குண்டு இப்போது 90 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 60, அதாவது ஏறக்குறைய 4 கிராம் உலோகம், எங்கே போனது?

இதில் இன்னொரு விநோதமும் உண்டு. மான் தூரத்தில் நின்றிருந்தால் தராசு அதிகம் காட்டும். முப்பதடி தள்ளி நின்றிருந்தால் இன்னும் குறைவாகக் காட்டும். சில குண்டுகள் நிறுக்கவே எதுவும் மிச்சமில்லாமல் போய்விடும். கிட்டத்தில் சுட்டால் குண்டுக்கு வேலை எளிது என்றுதான் நாம் நினைப்போம். குறி பார்க்கிறவருக்கு அது எளிதுதான். குண்டுக்கோ, அதைவிடக் கடுமையான சோதனை கிடையாது.

கிணற்றில் விழுகிறவன்

பேச்சில் நாம் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் மருந்துக் குமிழ், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும். குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டும். வேட்டைக் குண்டில் பொதுவாக நடுவே ஈயம், சுற்றிலும் செம்புக் கலவையில் மெல்லிய உறை. மூக்கில் மட்டும் உறை இல்லாமல் ஈயம் எட்டிப் பார்க்கும்.

அமெரிக்க மான் வேட்டையில் நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கும் ‘தர்ட்டி-ஆட்-சிக்ஸ்’ என்ற தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 1906-ல் ராணுவத்துக்காக வந்தது. அதன் 150 கிரெய்ன் குண்டு குழலை விட்டு விநாடிக்குச் சுமார் 887 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் புரிகள் அதைச் சுழற்றிவிடுவதால், விநாடிக்கு ஏறக்குறைய 3,500 சுற்று பம்பரமாகவும் ஆடுகிறது. காற்றின் தடையால் வேகம் மெல்லக் குறையும். 270 மீட்டர் தள்ளிப் போகும்போது விநாடிக்கு 635 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும்.

மானின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் மென்மையானது என்று நினைப்பவர்கள் கிணற்றில் வயிறு அடிபட விழுந்து பார்த்ததில்லை. வேகமாக மோதுகிறவனுக்குத் தண்ணீர் விலகி வழிவிட நேரம் போதாது. கட்டாந்தரை மாதிரி திருப்பி அடிக்கும். அந்த அடியின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. 887 மீட்டர் வேகத்தில் ஈரமான சதைக்குள் நுழையும் குண்டின் மூக்கில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 டன் அழுத்தம் விழுகிறது. அதே குண்டு 270 மீட்டர் தாண்டி 635 மீட்டர் வேகத்தில் மோதினால் அது 2 டன். தூரம் கூடியதில் குண்டின் மீதான கொடுமை பாதியாகிவிட்டது.

ஈயம் நகத்தால் கீறினாலே தடம் விழும் உலோகம். 2 டன்னுக்கே பின்வாங்கிக் குடையாக விரியும். உறை அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, விரிதலுக்கு ஓர் எல்லை வகுக்கும். 4 டன்னில் அந்த உறையே கிழிந்துவிடும். கிழிந்ததும் சுழற்சி வேறு சேர்ந்துகொண்டு துணுக்குகளை வெளியே வீசும். முழுக் குண்டாக உள்ளே போனது ஒரு கைப்பிடி உலோகத் தூளாகிவிடும். தூளுக்கு ஆழம் போகத் தெரியாது.

கிணற்றையே இன்னொரு முறை பாருங்கள். கால் நீட்டி நேராகக் குதிக்கிறவன் அடியைத் தொட்டுவிட்டு வருவான். கையும் காலும் பரப்பி விழுகிறவன் மேலேயே நின்றுவிடுவான். குண்டும் அப்படித்தான். அதிகமாக விரிந்தால் எதிர்ப்படும் பரப்பு பெருகும். பரப்பு பெருகினால் சீக்கிரம் நிற்கும். இதனால்தான் விரியும் குண்டுகளில், அதிவேகமாக மோதியது ஆழம் குறைந்தும், வேகம் சற்றுத் தணிந்து மோதியது ஆழமாகவும் போவதைக் காண முடிகிறது. வேகம் கூடக் கூட ஆழமும் கூடும் என்பது, குண்டு தன் உருவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வரைதான் செல்லும்.

தகர டப்பாவும் ஜெலட்டினும்

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் முறையாகத் தேடியவர்களில் ஒருவர், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோஹர். தைராய்டு பற்றிய பணிக்காக 1909-ல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். காலித் தகர டப்பாவைச் சுட்டால் நுழையும் இடத்தில் ஓர் ஓட்டை, வெளியேறும் இடத்தில் ஓர் ஓட்டை. தண்ணீர் நிரப்பிய டப்பாவைச் சுட்டால் தையல் பிரிந்து வெடிக்கும். குண்டு ஒதுக்கித் தள்ளிய தண்ணீர் சுவரை மோதிப் பிளக்கிறது. இப்படிப்பட்ட சோதனைகளிலிருந்து, காயத்தின் அளவைத் தீர்மானிப்பதில் திசுவில் உள்ள நீருக்கும் பங்கு உண்டு என்று கோஹர் காட்டினார்.

1980-களில் அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்ளர் இந்த ஆய்வுக்கு ஒரு சீரான அளவுகோல் கொடுத்தார். நூற்றுக்குப் பத்து பங்கு ஜெலட்டின், மீதி தண்ணீர், 4 டிகிரி செல்சியஸ் குளிர். நம் வீட்டில் கடல்பாசி காய்ச்சி ஆறவைத்த மாதிரி, கண்ணாடிபோல் தெளிந்த பாளம். பன்றியின் தொடைச் சதையில் குண்டு எவ்வளவு ஆழம் போகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு இந்தப் பாளத்திலும் போகும். சுட்ட பிறகு பக்கவாட்டில் நின்று பார்த்தால் முழுக் கதையும் தெரியும்.

அதில் இரண்டு தடங்கள் உண்டு. ஒன்று, குண்டு நசுக்கிக்கொண்டு போன பாதை. அது நிரந்தரம். இன்னொன்று, அந்தப் பாதையைச் சுற்றி ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு பலூன்போல் உப்பி மறுபடி மூடிக்கொள்ளும் குழிவு. அது தற்காலிகம். நுரையீரல் பஞ்சுபோல் காற்று நிறைந்தது. இழுத்து விட்டாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஈரல் அப்படியல்ல. இழுபடத் தெரியாமல் விரிசல் விட்டுப் பிளந்துவிடும். இந்த உப்பலோடு உலோகத் துணுக்குகளும் சேர்ந்தால் விளைவு வேறு மாதிரி. துணுக்குகள் முதலில் சல்லடையாகத் துளைக்கும்; துளைபட்ட சதையை உப்பல் இழுத்துக் கிழிக்கும். கிழிசல் உள்ள துணியை இழுத்தால் சர்ரென்று போவது இதே கணக்குதான்.

கிட்டத்திலிருந்து அதிவேகக் குண்டு முன்னங்காலின் சப்பை எலும்பில் பட்டால் நடப்பது இதுதான். குண்டு எலும்பிலேயே உடையும். எலும்புச் சில்லுகளும் ஈயச் சில்லுகளும் சப்பை முழுக்கப் பாயும். மேலே பெரிய கோரமான காயம். உள்ளே இருதயம் வரை எதுவும் எட்டாமல் போகலாம். மான் ஓடிவிடும். சாவு உடனே வராது. நேர்மையான வேட்டைக்காரர் அஞ்சும் விஷயம் இது. இதற்கு நேர்மாறாக, விரியவே விரியாத குண்டு ஊசி போலப் புகுந்து வெளியேறினாலும் அதே துயரம்தான். சின்ன ஓட்டையில் ரத்தம் மெல்லக் கசியும், மான் வெகுதூரம் போய்ப் படுக்கும்.

சினிமாவில் துப்பாக்கி வெடித்ததும் வில்லன் பத்தடி பறந்து போய்ச் சுவரில் மோதுவான். கணக்கு அதை ஒப்புக்கொள்ளாது. பத்து கிராம்கூட இல்லாத குண்டின் உந்தம், 70 கிலோ மானை விநாடிக்கு 12 சென்டிமீட்டர் வேகத்துக்குமேல் நகர்த்தாது. அது ஆமை நடை. அப்படித் தூக்கியெறியும் விசை இருந்தால், சுடுகிறவரும் தோளில் அதே விசையை வாங்கிப் பின்னால் பறந்திருப்பார். மான் விழுவது தள்ளப்பட்டதால் அல்ல. முதுகெலும்பிலோ மூளையிலோ பட்டால் அந்த இடத்திலேயே சரியும். இருதயத்தில் பட்டால்கூட, மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் தீரும் வரை சில விநாடிகள் ஓடும். மானின் கால்களுக்குச் சில விநாடி என்பது நூறு மீட்டர்.

சேறு பூசிய மூஸ்

கிட்டத்துச் சிக்கலை ஒரு மனிதர் தன் கண்ணால் கண்டு, அதற்குத் தீர்வும் கண்ட கதை 1946-ல் தொடங்குகிறது. ஆரெகன் மாநிலத்தில் லாரி போக்குவரத்துத் தொழில் நடத்திவந்த ஜான் நோஸ்லர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வேட்டைக்குப் போனார். கையில் அன்றைக்கு மிக வேகமான தோட்டாக்களில் ஒன்றான .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். எதிரே, சேற்றில் புரண்டு மேலெல்லாம் காய்ந்த மண் அப்பிய ஒரு பெரிய மூஸ். மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய உருவம். சுட்ட குண்டுகள் மண்ணிலும் தடித்த தோலிலும் பட்டுச் சிதறின, உள்ளே போகவில்லை. துப்பாக்கியின் வேகம் கூடிவிட்டது, குண்டின் கட்டுமானம் பழைய வேகத்துக்கானது என்பதை அந்த மூஸ் அவருக்குக் காட்டிவிட்டது.

ஊர் திரும்பியவர் குண்டின் நடுவே ஒரு சுவர் வைத்தார். உறையை நீளவாட்டில் அறுத்துப் பார்த்தால் ஆங்கில ‘எச்’ எழுத்து தெரியும். முன்னறையில் ஈயம், பின்னறையில் ஈயம், நடுவில் செம்புக் கலவைத் தடுப்பு. முன்னறை விரியட்டும், கிழியட்டும், வேண்டுமானால் முழுக்கச் சிதறட்டும். தடுப்பைத் தாண்டி எதுவும் ஆகாது. மீதமிருக்கும் பாதிக்கும் மேற்பட்ட எடை முழு உருளையாக ஆழத்துக்குப் போகும். ‘பார்ட்டிஷன்’ என்ற அந்தக் குண்டு 1948-ல் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. தராசில் 150-க்கு 90 காட்டுகிற துண்டு பல சமயம் இந்த வகையாகத்தான் இருக்கும். அந்த 60 கிரெய்ன் தவறிப் போனதல்ல. போகட்டும் என்று நோஸ்லர் முன்கூட்டியே ஒதுக்கிய செலவு.

ஆனால் வேகத்தைக் குறைத்தும் இதே சிக்கலைத் தீர்க்கலாம். அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் மரங்கள் நெருக்கம். நூறு மீட்டர் தெளிவாகத் தெரிவதே அரிது. அங்கே 1895 முதல் கொடிகட்டிப் பறப்பது ‘தர்ட்டி-தர்ட்டி’ தோட்டா. அதன் 170 கிரெய்ன் குண்டு குழலைவிட்டுக் கிளம்புவதே விநாடிக்குச் சுமார் 670 மீட்டரில்தான். தர்ட்டி-ஆட்-சிக்ஸ் 270 மீட்டர் கடந்தபின் அடையும் வேகத்தை ஒட்டியே இது புறப்படுகிறது. அதனால் மூக்கருகே நிற்கும் மானைச் சுட்டாலும் உறை கிழியாமல், நிதானமாக விரிந்து, மறுபக்கம் வரை போய்விடும். தாத்தா காலத்துத் துப்பாக்கி நெருக்கமான காட்டில் இன்றைய மேக்னத்தைவிடக் குறைவாகக் கறியைப் பாழாக்குகிறது என்று வயதான வேட்டைக்காரர்கள் சொல்வது வெறும் பழம்பெருமை இல்லை. அதிவேகக் குண்டு பட்ட சப்பைக் கறியில் பெரும்பகுதி ரத்தம் கட்டிக் கறுத்துப்போய், வெட்டி எறிய வேண்டியதாகிவிடும்.

போரில் தடை, காட்டில் கட்டாயம்

விரியும் குண்டின் வரலாற்றில் நம் நாட்டுப் பெயர் ஒன்று அழிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொல்கத்தா விமான நிலையம் இருக்கிற டம்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா வெடிமருந்து வந்து வேகம் கூடியபோது, வெறும் ஈயம் குழலின் புரிகளில் உருவி ஒட்டிக்கொண்டது. அதற்காகக் குண்டுக்கு முழு உலோக உறை போட்டார்கள். உறை போட்டதும் குண்டு விரிவது நின்றுபோனது. டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே, 1890-களில் .303 குண்டின் மூக்கு உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவைத்தார். மறுபடி விரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. 1899-ல் ஹேக் மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் வேட்டைச் சட்டம் இதற்கு நேர் எதிர். மானுக்கு விரியும் குண்டுதான் போட வேண்டும். முழு உறையிட்ட ராணுவக் குண்டுக்குத் தடை. ஒரே குண்டை ஒரு சட்டம் கொடூரம் என்கிறது, இன்னொன்று கருணை என்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு. போரில் நோக்கம் எதிரியைச் செயலிழக்கச் செய்வது. அவர் காயம் ஆறிப் பிழைக்கலாம். வேட்டையில் நோக்கமே சாவு. அது வேகமாக வர வேண்டும். அதோடு, விரிந்த குண்டு மானைத் தாண்டிப் போனாலும் பெரும்பகுதி வேகத்தை இழந்துவிட்டிருக்கும். பின்னால் மரங்களுக்கிடையே வேறு யாராவது நடந்துகொண்டிருக்கலாம்.

நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஓநாய்கள் பெரும்பாலும் அழிந்துபோன அமெரிக்கக் காடுகளில் வெண்வால் மான் பெருகி மரக்கன்றுகளையும் பயிரையும் தின்று தீர்ப்பதால், அங்கே உரிமம் கொடுத்துச் சுடச் சொல்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் மான்கள். அவற்றில் பலவற்றுக்குள் நம் கணக்கில் வராத அந்த 4 கிராம்.

ஈயப் பனி

அந்த 4 கிராமை எக்ஸ்ரே கண்டுபிடித்தது. குண்டு உடைந்த உடலைப் படமெடுத்தால், கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகளாக ஈயம் தூவிக் கிடக்கும். தடய மருத்துவர்கள் இதை ஈயப் பனிப்புயல் என்பார்கள். 2008-ல் மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை, இறந்த ஆடுகளின் உடல்களைச் சுமார் 50 மீட்டர் தொலைவிலிருந்து வெவ்வேறு வகைக் குண்டுகளால் சுட்டுப் பார்த்தது. வேகமாக விரியும் வகைகள் ஓர் உடலில் நூற்றுக்கும் மேற்பட்ட துணுக்குகளை விட்டன. குண்டு போன பாதையிலிருந்து ஓர் அடி தள்ளியும் சில கிடந்தன. பெரும்பாலானவை கண்ணுக்கும் விரலுக்கும் தட்டுப்படாத சிறுமை. காயத்தைச் சுற்றி நாலு விரல் அகலம் வெட்டி எறிந்தால் போதும் என்ற பழைய நம்பிக்கை அதோடு ஆட்டங்கண்டது. தண்ணீர் விட்டுக் கழுவினால் ஈயம் முழுசாகப் போகாமல், கழுவிய நீரோடு மற்ற இடங்களுக்கும் பரவுவதும் தெரிந்தது.

அதே ஆண்டு வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கான உணவு மையங்களுக்கு வேட்டைக்காரர்கள் நன்கொடையாகக் கொடுத்த மான் கொத்துக்கறியில் ஈயம் இருந்தது தெரியவந்து, அதை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். தொடர்ந்து அந்த மாநிலத்தில் 738 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வேட்டை இறைச்சி உண்பவர்களின் ரத்தத்தில் ஈயம் சற்றே கூடுதல். அன்றைய எச்சரிக்கை அளவை எட்டும் அளவுக்கு இல்லை. ஆனாலும் குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

மனிதர்களைவிட மோசமாக அடிபட்டது ஒரு பறவை. வேட்டைக்காரர் மானின் குடலை எடுத்துக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போவார். சிதறிய ஈயம் அதில் நிறைய இருக்கும். கலிபோர்னியா காண்டோருக்கு அது விருந்து. ஒன்பது அடிக்கு மேல் சிறகு விரிக்கும் அந்தப் பறவையின் இரைப்பை அமிலம் எலும்பையே கரைக்கும், ஈயம் எம்மாத்திரம்? 1982-ல் உலகத்தில் 22 காண்டோர்களே மிஞ்சின. 1987-ல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனம் பெருக்கி, 1992 முதல் மறுபடி வெளியே விட்டார்கள். விட்ட பறவைகளையும் ஈயம் தேடிவந்து கொன்றது. நம் நாட்டில் பாறு கழுகுகளை அழித்தது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. இரண்டு இடத்திலும் பிணத்தைத் தின்று காட்டைச் சுத்தம் செய்த பறவைக்கு, பிணத்துக்குள்ளேயே நஞ்சு இருந்தது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டையே முழுமையாகத் தடை செய்துவிட்டது.

மாற்று, முழுச் செம்புக் குண்டு. ஈயமும் இல்லை, தனி உறையும் இல்லை. 1989-ல் பார்ன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ‘எக்ஸ்’ குண்டு இதற்கு வழிகாட்டி. மூக்கில் ஒரு சின்னக் குழி. சதையின் ஈரம் அந்தக் குழிக்குள் புகுந்து அழுத்த, செம்பு நான்கு இதழாக மலர்ந்து பின்னோக்கி மடங்கும். ஈயம் கிழிந்துபோகிற 4 டன்னில் செம்பு மலர்கிறது. கிட்டத்துச் சோதனை என்னும் தேர்வை இவ்வளவு நன்றாக எழுதுகிற குண்டு வேறில்லை.

தூரத்தில்தான் இதற்குச் சங்கடம். செம்பு கெட்டி. வெகுதூரம் போய் வேகம் மிகவும் தணிந்துவிட்டால் இதழ் சரியாக மலராது, ஊசிபோலப் புகுந்துவிடும். ஈயத்தைவிட அடர்த்தி குறைவென்பதால், அதே எடைக்குக் குண்டும் நீளமாகிவிடும். நோஸ்லரின் மூஸ் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. எந்தக் குண்டுக்கும் தான் சரியாக வேலை செய்யும் வேகம் என்று ஒரு வரம்பு உண்டு. அதற்குமேல் சிதறும், அதற்குக்கீழ் விரியாது. கிட்டம், தூரம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்த வரம்பின் இரு முனைகள்தான்.

கொட்டகைத் தராசுக்கே திரும்புவோம். செம்புக் குண்டைத் தோலுக்கடியிலிருந்து எடுத்து நிறுத்தால் பெரும்பாலும் 150-க்கு 149, 148 என்று காட்டும். வேட்டைக்காரர் அதை ஜன்னல் திண்டில், பழைய துண்டுகளுக்குப் பக்கத்தில் வைப்பார். 90 காட்டிய துண்டும் அங்கேதான் இருக்கும். பார்க்க இரண்டும் காளான்கள். ஒன்று தன் கணக்கை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. மற்றதன் 60 கிரெய்ன் இன்னும் எங்கோ, கறிக்குள்ளோ காட்டுக்குள்ளோ, யாருடைய வாய்க்காகவோ காத்திருக்கிறது.